துருவுக்கு எதை நம்புவது?

ஈப்போ சிலிபின் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பழக வரும் பையன்களின் டூல் பாக்ஸைத் திறந்தால், இப்போது ஸ்பேனருக்கு முன்னால் ஸ்ப்ரே டின்தான் கண்ணில் படுகிறது. கூட்டாளி வைத்திருக்கிறான், டிக்டாக்கில் அடித்துக் காட்டினார்கள், கேட்டதும் அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார். "எதுக்குத் தம்பி அடிக்கிற?" என்றால் பதில் வராது.

துணி, எண்ணெய், கிரீஸ், சிலிகா ஜெல், குரோம் முலாம் என்று துருவைத் தடுக்கும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். ஈப்போவில் 80 சர்வசாதாரணம். மாலை மழை பெய்து ஓய்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த ஸ்ப்ரேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டபிள்யூ.டி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் காக்க அதைப் பயன்படுத்தினார்கள். நனைந்த சாமானிலிருந்து நீரை விரட்டவும், இறுகிய நட்டை இளக்கவும் நல்ல சரக்கு. ஆனால் அடித்ததில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான். மிஞ்சும் படலம் மெல்லியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மாதக்கணக்கில் தாங்காது. நீண்டகாலப் பாதுகாப்புக்கு அதைத் தயாரிக்கும் நிறுவனமே வேறு சரக்கைத் தனியாக விற்கிறது. அடித்தாயிற்று என்ற தைரியத்தில் துடைக்காமல் விடுவது அதைவிடக் கெடுதல். வெர்னியரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: தாடையில் கட்டைவிரல் ரேகை வரிவரியாகப் பழுப்பேறி இருக்கும். வியர்வை உப்பின் வேலை அது.

குரோம் நல்லதுதான், சிராய்ப்பு விழும்வரை. கழிவு எஞ்சின் எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும், தோலுக்கும் ஆகாது. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். அரத்துக்கு எண்ணெயே வேண்டாம், வழுக்கும். உலர்ந்த துணியில் சுற்றி வைத்தால் போதும்.

என் ஓட்டு தையல் மெஷின் எண்ணெய்க்குத்தான். தோட்டத்தில் வளர்ந்தவனின் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பால்வெட்டு முடிந்து வந்தால் அம்மா தட்டில் கை வைக்குமுன் கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஓர் இழுப்பு இழுத்துத்தான் செருகி வைப்பார். அந்த வரிசைதான் முக்கியம்: முதலில் வியர்வையும் ஈரமும் போக வேண்டும், பிறகு துளி எண்ணெய். மாதக்கணக்கில் எடுக்காத சாமானுக்குக் கிரீஸ். துடைக்கச் சலிக்கிறவன் அளவெடுக்கவும் சலிப்பான்; கைத்தொழிலுக்கு அவன் மனம் பொருந்துகிறதா என்று முதல் வாரமே தெரிந்துவிடும். மனம் பொருந்தியவனைப் பொறுமையாக விடுங்கள், வேலை தானே கைக்கு வரும்.

பெற்றோருக்கு ஒன்று. புது செட்டுக்கு ரிங்கிட் எண்ணுமுன், பழைய பெட்டியின் அடியில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கும் அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சை எடுத்து எறியச் சொல்லுங்கள்.