மூக்குக் கண்ணாடியும் மேயர் கதிரையும்

“பழைய ஆட்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனோம் சுவாமி. எங்களைப்போல ஓர் ஏழை, புது ஆள் ஒருவர் வந்தால் நல்லதுதானே?”

கமக்காரர் கூட்டமொன்று முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தாய் இப்படிக் கேட்டார். பல தடவை இடம்பெயர்ந்து, ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொருவரின் வாக்குறுதியைக் கேட்டவரின் கேள்வி அது. ஒரே சொல்லில் மறுமொழி சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே, நமது நாட்டின் மிகப் பெரிய நகரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

“நகரத்து மேயர் வயல்காரருக்கு எதற்கு?” என்று சிலர் எண்ணக்கூடும். வவுனியா நகரசபை மாநகர சபையாகத் தரமுயர்ந்து, 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் முதன்முறையாக மாநகர சபை உறுப்பினரைத் தெரிவுசெய்தது. ஆகவே வன்னியிலும் இன்று ஒரு மேயர் கதிரை உண்டு. கரைச்சி, பூநகரி, துணுக்காய், புதுக்குடியிருப்பு முதலான பிரதேச சபைகளின் தவிசாளர் கதிரையும் இதே முறையில்தான் நிரப்பப்படுகிறது.

பார்ப்போம்

கொழும்பு மாநகர சபை நீண்டகாலமாக ஐக்கிய தேசியக் கட்சியின் கோட்டையாக இருந்தது. 2006இல் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது, அக்கட்சி கொழும்புக்குக் கொடுத்த வேட்புமனு சட்டக் குறைபாடு காரணமாக நிராகரிக்கப்பட்டது. வெல்லக்கூடிய கட்சிக்கு வாக்குச் சீட்டில் இடமே இல்லாமற் போயிற்று.

அப்போது கட்சி ஒரு வழி கண்டது. மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் ஒரு சுயேச்சைக் குழு போட்டியிட்டது. முச்சக்கர வண்டிச் சாரதிகள் பலர் அதில் இருந்தார்கள். அரசியலில் அவர்களை யாரும் அறிந்திருக்கவில்லை. “கண்ணாடிக்குப் புள்ளடி போடுங்கள்” என்று கட்சி தன் ஆதரவாளரைக் கேட்டது. வென்றபின் குழுவினர் விலகிக் கட்சிக்காரருக்கு இடம்விட வேண்டும் என்பதே ஏற்பாடு.

2006 மே 20ஆம் திகதி வாக்களிப்பு நடந்தது. மொத்தம் 53 ஆசனங்களில் 23ஐப் பெற்று அக்குழு முதலிடத்துக்கு வந்தது. முச்சக்கர வண்டிச் சாரதியான உவைஸ் முகமட் இம்தியாஸ் கொழும்பின் மேயரானார். விலகும்படி கேட்டபோது குழுவினர் இணங்கவில்லை. அவர்களை முன்னே நிறுத்திய கட்சியும் அவர்களும் எதிரெதிரே நின்றார்கள். 2010இல் மாநகரத்தின் நிர்வாகம் விசேட ஆணையாளர் ஒருவரின் கைக்குப் போனது. 2011 ஒக்டோபரில்தான் மக்கள் மீண்டும் வாக்களித்துத் தங்கள் சபையைத் தெரிவுசெய்தார்கள்.

சிந்திப்போம்

முதலாவது: இதில் ஓட்டோ ஓட்டும் தொழிலுக்கு எந்த இழுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் கும்பகோணம் மாநகராட்சியானபின், 2022 மார்ச்சில் அதன் முதல் மேயராக வந்த காங்கிரஸ் கட்சியின் சரவணனும் ஓர் ஓட்டோச் சாரதியே. ஆனால் அங்கே வென்ற தி.மு.க. கூட்டணி அப்பதவியை காங்கிரசுக்கு ஒதுக்கியது. அவரும் கட்சிப் பெயரில் வட்டாரத்தில் நின்று வென்றே வந்தார். யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது வெளிச்சத்தில் இருந்தது. கொழும்பில் அது இருட்டில் இருந்தது. இரண்டு இடத்திலும் தொழில் ஒன்றுதான். வித்தியாசம் ஏற்பாட்டில் இருந்தது.

இரண்டாவது: வாய்ப்பேச்சு. இடம்பெயரும்போது வயலை அயலவரிடம் “பார்த்துக்கொள்ளுங்கோ” என்று விட்டுப் போனவர்கள் நம்மிடையே பலர். திரும்பி வந்தபோது உறுதியும் இல்லை, சாட்சியும் இல்லை என்று கச்சேரிக்கும் கோட்டுக்கும் அலைந்தார்கள். கொழும்பிலும் அதுவே நடந்தது. சட்டத்தின் கண்ணில் ஆசனம் யாருக்கு? வாக்குச் சீட்டில் யாருக்குப் புள்ளடி விழுந்ததோ அவருக்கே. திரைக்குப் பின்னால் பேசிய பேச்சு அங்கே செல்லாது. கட்சிக்கும் குழுவுக்கும் இடையே உடன்பாடு இருந்தது. வாக்காளரோடு குழுவுக்கு என்ன உடன்பாடு இருந்தது? அதை எவரும் கேட்கவில்லை. இரு பகுதியாரும் சண்டையிட்டபோது, கேட்க உரிமையுள்ள மூன்றாம் பகுதியார், அதாவது குடிமக்கள், வெளியே நின்றார்கள்.

மூன்றாவது: கதிரை வேறு, சபை வேறு. நமது நாட்டில் மக்கள் மேயரை நேரடியாகத் தெரிவதில்லை. சபை உறுப்பினரைத் தெரிகிறார்கள். 2006இல் இருந்த சட்டப்படி கூடிய வாக்குப் பெற்ற குழுவுக்கே மேயர் பதவி போனது. ஆனால் 53 பேர் உள்ள சபையில் 27 பேராவது கையுயர்த்தினால்தான் ஒரு தீர்மானம் உறுதியாக நிறைவேறும். மேயரின் குழுவில் இருந்தவர்களோ 23 பேர்.

2018 பெப்ரவரித் தேர்தலில் இருந்து முறை மாறிவிட்டது. 60 வீதமானோர் வட்டாரங்களில் இருந்தும், 40 வீதமானோர் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். பாதிக்கு மேல் ஆசனம் பெற்ற கட்சி மேயரைப் பெயர் குறிக்கலாம். எவருக்கும் பாதி கிடைக்காவிட்டால் முதற் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிய வேண்டும். 2025இல் கொழும்பில் அப்படித்தான் நடந்தது. 117 ஆசனங்களில் 48ஐப் பெற்ற தேசிய மக்கள் சக்தி, புதியவரான விராய் கெலீ பல்தசாரை நிறுத்தியது. யூன் 16ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 61 வாக்குகள் அவருக்கும் 54 வாக்குகள் எதிர்த்து நின்றவருக்கும் கிடைத்தன. தன் கட்சியின் 48 பேரை மாத்திரம் நம்பியிருந்தால் அவர் மேயராகியிருக்க முடியாது. கதிரையைத் தந்த மற்றவர்களை ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவர் தேட வேண்டும்.

ஆகவே அந்தத் தாய்க்கு என் மறுமொழி இதுதான்: புதியவர் என்பது தகுதியும் அல்ல, குறையும் அல்ல. அவர் யாருக்குக் கணக்குக் கொடுப்பார் என்பதே கேள்வி.

மேயரால் ஆவதும் ஆகாததும்

உள்ளூர் வீதி, தெருவிளக்கு, சந்தை, வடிகால், குப்பை அகற்றல், பொது நூலகம், மயானம், பொதுச் சுகாதாரம் ஆகியவை உள்ளூராட்சிச் சபையின் வேலை. நாம் மரக்கறி கொண்டுபோய் இறக்கும் சந்தையில் கூரை உண்டா, மலசலகூடம் உண்டா, குத்தகைக்காரர் அறவிடும் காசு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது.

குளத்துத் தண்ணீர் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையிலும் கமநல சேவைகளின் கையிலும் இருக்கிறது. நெல்லின் கொள்வனவு விலையை மேயர் நிர்ணயிப்பதில்லை. படையினரோ வனத் திணைக்களமோ வைத்திருக்கும் காணியை விடுவிக்கும் அதிகாரமும் அவருக்கில்லை. அவர் குரல் கொடுக்கலாம், கடிதம் எழுதலாம். “என்னை மேயராக்கினால் உங்கள் காணியை மீட்டுத் தருவேன்” என்று ஒருவர் சொன்னால், பழையவரோ புதியவரோ, அவர் தன்னிடம் இல்லாத பொருளை விற்கிறார். காணியை இழந்து நிற்பவரின் ஏக்கத்தை வைத்து வாக்கு வாங்குவது பெரிய அநியாயம்.

செயற்படுவோம்

அடுத்த தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாக்காளர் இடாப்பில் வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரும் இப்போது வசிக்கும் முகவரியில் இருக்கிறதா என்று விதானையாரிடம் பாருங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒருவர் பெயர் ஓரிடத்திலும் மற்றவர் பெயர் வேறிடத்திலும் கிடப்பதுண்டு.

வேட்பாளர் வாசலுக்கு வரும்போது கதிரை கொடுத்து இருத்தி, நான்கு கேள்வி கேளுங்கள்.

1. உங்களை நிறுத்தியவர் யார்? வென்றபின் விலகுவதாக யாருக்காவது வாக்குக் கொடுத்தீர்களா?

2. சபையில் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் யாரோடு சேர்வீர்கள்?

3. சபையின் அதிகாரத்துக்கு உட்பட்ட எந்த இரண்டு வேலைகளை முதலில் செய்வீர்கள்?

4. வருடத்தில் எத்தனை தடவை எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்து கணக்குச் சொல்வீர்கள்?

மறுமொழிகளைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில், எல்லார் முன்னிலையிலும் எழுதிக்கொள்ளுங்கள். அது கோட்டில் செல்லும் உறுதி அல்லத்தான். ஆனால் அடுத்த தடவை அவர் வரும்போது திறந்து வாசிக்கலாம்.

குழுக்களாக இருந்து பேசுவதற்கு

அ. 2006இல் கொழும்பில் கண்ணாடிக்குப் புள்ளடி போட்டவர்களில் நீங்களும் ஒருவராக இருந்திருந்தால், யாரிடம் கோபப்பட்டிருப்பீர்கள்? ஏன்?

ஆ. நமது பிரதேச சபையில் நமது வட்டாரத்து உறுப்பினர் யார்? கடைசியாக அவரை எப்போது, எதற்காகச் சந்தித்தோம்?

இ. நமது சங்கத்துக்கே புதிய தலைவரைத் தெரியும்போது, மேலே சொன்ன நான்கு கேள்விகளில் எவற்றைக் கேட்கிறோம்? கேட்காமல் விடுவது எதை?

கடைசிக் கேள்விக்குக் கூடிய நேரம் ஒதுக்குங்கள். சங்கக் கூட்டத்தில் கணக்குக் கேட்கப் பழகியவர் மேயரிடமும் கேட்பார்.