முட்டை வைக்கும் முன் இரண்டு நாட்கள்

வீட்டிலிருந்தே சிறு தொழில் செய்ய விரும்பும் சகோதர, சகோதரிகள் பலர் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் பற்றி என்னிடம் விசாரிக்கின்றனர். இயந்திரத்தை வாங்கிய அன்றே முட்டைகளை அடுக்கும் அவசரம்தான் இத்தொழிலில் பலருக்கு முதல் நட்டமாகிறது. கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் செல்லும். ஆரம்பத்தில் விட்ட பிழை பெரும்பாலும் கடைசி நாளில்தான் தெரியவரும். அதற்குள் முட்டைக்குப் போட்ட காசும் மின்சாரச் செலவும் போய்விடும். எனவே முட்டை வைப்பதற்கு முந்திய இரண்டு நாட்களில் செய்ய வேண்டியவற்றை இவ்வாரம் தருகிறேன்.

இடம்: வெயில் படாத, காற்று நேரே அடிக்காத அறையில், சமதளமான மேசையில் வையுங்கள். காற்றுத் துவாரங்களை அடைக்க வேண்டாம். முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கும் காற்று வேண்டும்.

சுத்தம்: மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் உட்புறத்தைத் துடைத்து, தொற்றுநீக்கி பூசி, நன்றாக உலர விடுங்கள்.

வெப்பம்: வெறும் இயந்திரத்தை 24 முதல் 48 மணித்தியாலம் ஓட விடுங்கள். மின்விசிறி உள்ளதாயின் 37.5 பாகை செல்சியஸ் வேண்டும். மின்விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் சுமார் 38.5 பாகை இருக்கட்டும். இயந்திரத்தின் வெப்பமானியை அப்படியே நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் அதையும் இளஞ்சூட்டு நீரில் ஒன்றாகப் பிடித்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஈரப்பதன்: முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 வீதம், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70 வீதம். மழைக்காலத்தில் சிறிதளவு தண்ணீரே போதும்.

மின்சாரம்: 2022ஆம் ஆண்டு மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீடித்தது நினைவிருக்கும். மாற்று மின்கலம் இருந்தால் நல்லது. இல்லாவிடில் மின்சாரம் வரும்வரை மூடியைத் திறக்காமல், துவாரங்களை விட்டுப் போர்வையால் மூடுங்கள்.

முட்டை: கடைகளில் விற்கும் பண்ணை முட்டைகள் பொதுவாகச் சேவல் சேராதவை; அவை பொரிக்காது. சேவலுடன் வளரும் கோழிகளின், ஏழு நாட்களுக்கு உட்பட்ட, வெடிப்பில்லாத முட்டைகளைத் தெரிவு செய்யுங்கள். அவற்றைக் கழுவ வேண்டாம். 18ஆம் நாள் வரை தினமும் மூன்று தடவையாவது திருப்புங்கள்.

முதல் தடவை பத்துப் பன்னிரண்டு முட்டைகளுடன் பரீட்சித்துப் பாருங்கள். எத்தனை பொரித்தன என்று கணக்கெழுதிய பின் முதலைக் கூட்டுங்கள். விற்கும்போது, நாட்டுக்கோழிக் குஞ்சில் ஆண், பெண் என வெறும் பார்வையில் பிரித்தறிவது கடினம் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல. சொல்லி விற்ற பொருளில்தான் பரக்கத் உண்டு.