சகாராவில் மழை பெய்த காலம்

ஆப்பிரிக்காவின் சகாரா என்றதும் மணல்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே பருவமழை பெய்தது, புல் வளர்ந்தது, மாடுகள் மேய்ந்தன. அம்மழை ஏன் வந்தது, ஏன் நின்றது, அதனால் உழவர்கள் அறிய வேண்டியது என்ன என்பதைக் காண்போம்.

சான்றுகள்

அல்ஜீரியா நாட்டின் டாசிலி மலைப் பாறைகளில் அக்கால மக்கள் மாட்டு மந்தைகளை ஓவியமாக வரைந்துள்ளனர். சாட் ஏரி அன்று 3 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்தது. இது தமிழ்நாட்டின் பரப்பைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாகும். மேற்குக் கரையை ஒட்டிய கடலடி வண்டலில், அக்காலத்தில் படிந்த அடுக்குகளில் பாலைவனத் தூசி மிகக் குறைவாகவே உள்ளது.

மழை மிகுந்தது ஏன்?

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அன்று. இப்போது பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டரிலும், ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டரிலும் உள்ளது. அதாவது, பூமியின் வடபாதியில் கோடை நிலவும்போது சூரியன் சற்றுத் தொலைவில் இருக்கிறது.

வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவது போல் பூமியின் அச்சும் மெல்லத் தலையாட்டுகிறது. பாதையும் மெல்லத் திரும்புகிறது. இதனால் பூமி சூரியனை நெருங்கும் மாதம் சிறிது சிறிதாகத் தள்ளிப்போய், ஏறத்தாழ 22,000 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகிறது. அதில் பாதிக் காலத்திற்கு முன்பு, வடபாதியின் கோடையிலேயே பூமி சூரியனை நெருங்கி இருந்தது. அக்கோடையில் கிடைத்த வெயில் இன்றைவிடச் சுமார் 7 முதல் 8 சதவீதம் அதிகம்.

கடலைவிட நிலம் விரைவில் சூடேறும். சூடேறிய நிலத்தின் மேல் காற்று எழும்ப, கடலின் ஈரக்காற்று உள்ளே புகுந்து மழை பொழியும். நமது தென்மேற்குப் பருவமழையும் இவ்விதமே பெய்கிறது. வெயில் மிகுந்ததால் ஈரக்காற்று சகாராவின் உட்பகுதி வரை சென்றது. நம் தென்மேற்குப் பருவமழையும் அன்று வலுத்திருந்தது. 1981-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஜான் குட்ஸ்பாக் இதனைக் கணிப்பொறி மூலம் கணக்கிட்டுக் காட்டினார். கோடை வெயில் குறையக் குறைய மழையும் பின்வாங்கியது. மக்கள் நைல் ஆற்றங்கரைக்கும் தெற்கே மழையுள்ள இடங்களுக்கும் குடிபெயர்ந்தனர்.

எஞ்சிய நீர்

அத்தகைய பழங்கால மழைகளின் நீர் எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நாடுகளின் அடியில் மணற்பாறையில் தங்கியுள்ளது. லிபியா 1980-களில் பெருங்குழாய்த் திட்டம் தொடங்கி, பாலைவனத்தின் அடிநீரை 1991-இல் பெங்காசி நகருக்குக் கொண்டு வந்தது. எடுக்கும் அளவுக்கு அங்கே இன்று மழை இல்லை. அது வட்டி அன்று, முதல், எடுத்தால் எடுத்ததுதான்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. இம்மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது. ஓராண்டு மழை பொய்ப்பதற்கு இது காரணம் அன்று.

2. இன்று பூமி சூடாவதற்கும் இது காரணம் அன்று. நிலக்கரி, எண்ணெய் எரிப்பதால் சேரும் கரியமில வாயுவே முதன்மைக் காரணம்.

3. பருவமழைக்கு முன்னும் பின்னும் உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து குறித்து வாருங்கள். நல்ல மழைக்குப் பின்னும் மட்டம் ஆண்டுதோறும் இறங்கினால், நீங்கள் செலவழிப்பது முதலையே. அந்நிலையில் இன்னும் ஆழத் துளைப்பதைவிட, நீர் குறைவாகத் தேவைப்படும் பயிருக்கு மாறுவதே அறிவுடைமை.