தொட்டிலுக்குப் பம்பர் கட்டலாமா?

காஞ்சிபுரத்தில் தொட்டில் போடுகிற நாளுக்கு இப்போதெல்லாம் வெள்ளிக் கொலுசோடு ஒரு ‘பேபி பெட் செட்’டும் வந்துவிடுகிறது. பிரித்தால் சின்ன மெத்தை, இரண்டு உருளைத் தலையணை, நடுவில் குழிந்த ஒரு தலையணை, கம்பித் தொட்டிலின் நாலு பக்கமும் கட்டுவதற்கு நாடா வைத்த பஞ்சுப் பட்டை. அந்தப் பட்டைக்குத்தான் பம்பர் என்று பெயர். கட்டலாமா என்றால், வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை அந்த செட்டில் மெத்தையைத் தவிர எதுவும் அது தூங்கும் இடத்துக்குள் போக வேண்டியதில்லை. மெத்தையும் கெட்டியாக இருந்தால்தான்.

பம்பர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பழைய தொட்டில்களில் கம்பிக்குக் கம்பி இடைவெளி அதிகம். குழந்தையின் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1973இல் இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்ததும் பம்பருக்கு வேலை போய்விட்டது. அழகுக்காக மட்டும் தங்கியது. 1985 முதல் 2005 வரையிலான பதிவுகளைப் புரட்டிய பிராட்லி தாக் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், பம்பரால் இறந்த 27 குழந்தைகளைப் பற்றி 2007இல் எழுதினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011இல் ‘பம்பரே வேண்டாம்’ என்றது. 2022இல் பஞ்சு வைத்த பம்பரைத் தயாரிப்பதும் விற்பதும் அந்த நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. நம் பக்கம் கடையிலும் ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கிறது.

ஆபத்து எப்படி வருகிறது? மூன்று நான்கு மாதக் குழந்தைக்குத் தலையைத் திருப்பத் தெரியும். திருப்பிய இடத்திலிருந்து மீளத் தெரியாது. மூக்கு பஞ்சில் அழுந்தினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். மெத்தைக்கும் பட்டைக்கும் நடுவே முகம் செருகிக்கொள்வதும் உண்டு. நாடா அவிழ்ந்தால் கழுத்துக்குக் கயிறு. இதில் எதிலும் சத்தம் வராது, பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. கம்பியில் தலை இடித்தால் அழும், நாமும் எழுந்துவிடுவோம்.

தொட்டிலைச் சோதிப்பது

முதலில் ஒரு ஸ்கேல் எடுத்து இடைவெளியை அளந்து பாருங்கள். 6 செ.மீ.க்குள் இருந்தால் பம்பர் தேவையே இல்லை. அதற்கு மேல் என்றால் பஞ்சு கட்டிச் சமாளிக்காமல் தொட்டிலையே மாற்றுங்கள். தாத்தா காலத்துத் தேக்குத் தொட்டில் என்று மனசு கேட்காமல் போகலாம். அதைப் பெயர் சூட்டும் நாளுக்குப் பூச்சுற்றி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, தூங்க வேறு இடம் பாருங்கள். மெத்தைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது.

அடுத்து மெத்தை. உள்ளங்கையால் நன்றாக அழுத்தி எடுங்கள். கை பதிந்த பள்ளம் அப்படியே நின்றால் அது குழந்தைக்கு ஆகாது. புது இலவம்பஞ்சு மெத்தை பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். தொட்டிலே இல்லாத வீட்டில் கவலை குறைவு. தரையில் கோரைப்பாய், மேலே மெல்லிய கெட்டி விரிப்பு, ஓரம் செருகிய பருத்தித் துணி, எறும்புக்கும் கொசுவுக்கும் விறைப்பாக நிற்கும் குடைவலை. அம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் தனிப் படுக்கையாக. குடித்தவரோ புகைத்தவரோ பக்கத்தில் படுக்க வேண்டாம்.

மல்லாக்கப் போடுங்கள், பகலிலும் இரவிலும். பால் கக்கினால் புரையேறுமே என்பார்கள். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருப்பதால், கக்கிய பால் கீழே இறங்குமே தவிர மேலே ஏறாது. தலை சப்பையாகிவிடும் என்றுதான் கடுகுத் தலையணையும் ராகித் தலையணையும் வைக்கிறார்கள். அதற்குப் பதில், விழித்திருக்கும் நேரத்தில் மடியில் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் ஒரு பருத்திச் சட்டை போதும். வீட்டுக்குள் குல்லா எதற்கு?

தூளி

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் கூடத்தைத் தறி எடுத்துக்கொண்டால், மிச்ச இடத்தில் தூளிதான் தொங்கும். ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே கால் கட்டைவிரலில் மாட்டிய கயிற்றை இழுத்துப் பேரனைத் தூங்க வைக்கும் பாட்டியிடம் போய்த் தூளியே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தூளி தட்டையான படுக்கை அல்ல. குழந்தை வளைந்து கிடக்கும். தாடை நெஞ்சில் முட்டினால் காற்றுப் பாதை மடங்கும்.

அதனால் யாராவது விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் தூளியை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்திப் புடவை நல்லது. பட்டும் சிந்தெடிக்கும் முடிச்சில் வழுக்கும். உத்திரத்தில் கட்டியதும் உங்கள் கையால் தொங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு குழந்தையைப் போடுங்கள். அடிப்பகுதி தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தால் போதும். வாய்ப்பக்கம் விரிந்து நிற்கக் கட்டை கொடுங்கள், துணி முகத்தில் மூடாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். தூங்கியதும் எடுத்துப் பாயில் போட்டுவிடுங்கள். குறை மாதத்தில் பிறந்த குழந்தை என்றால் தூளிப் பேச்சே வேண்டாம்.

குழந்தை புரளத் தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். சும்மா தொங்கவிட்டால் அக்காவோ அண்ணனோ அதில் ஏறி முறுக்கிச் சுற்றுவார்கள். கழுத்து இறுகி இறந்த செய்தி தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது.

தறி வீட்டுக்கே உரிய இன்னொன்று, இழை. ஒற்றைப் பட்டு இழை சட்டையிலோ காலுறையிலோ ஒட்டி வந்து குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகிவிடும். காரணம் தெரியாமல் வீறிட்டு அழும். வசம்பு, ஓமத்தண்ணீர் என்று தேடுவதற்கு முன் பத்து விரலையும் பிரித்துப் பாருங்கள். விரல் வீங்கிச் சிவந்து, இழை எடுக்க வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரியவர்களிடம் சொல்வது

“ஏம்மா, ரெண்டு பக்கமும் தலகாணிய அண்டக் குடு, புள்ள உருண்டுடப் போவுது. நாலு புள்ளைய இப்படித்தான வளத்தேன்” என்பார் மாமியார். எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது. “ஆமாங்க அத்தை, கீழதான படுக்கப் போட்டிருக்கோம், எங்க உருளப்போவுது? நர்சம்மா வரும்போது நீங்களே கேளுங்க” என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் தள்ளிவிடுவது மேல். அவர் சொன்னால் அத்தை கேட்பார்.

வந்த பம்பரை என்ன செய்வது? நாடாக்களை வெட்டிவிட்டு எடுத்து வையுங்கள். ஏழெட்டு மாதத்தில் குழந்தை தவழ்ந்து வரும்போது தறிக்கால் முனையிலும் ராட்டைப் பலகை ஓரத்திலும் சுற்றித் தைத்துவிடலாம். குழித்தறி வீடாக இருந்தால் அதற்குள் இன்னொரு வேலையையும் முடித்துவிட வேண்டும்: நெய்கிறவர் எழுந்ததும் தறிக்குழியை மூட, அளவுக்கு வெட்டிய ஒரு கனமான பலகை.