மரபணுத் திருத்தமும் உயிரின் உரிமையும்

உடம்பு, உயிருக்கு இறைவன் கொடுத்தருளிய கருவியென்பதும், உயிர் அதனின் வேறாய பொருளென்பதும் சித்தாந்தம் பயின்றார் யாவரும் அறிவர். அக்கருவியின் அமைப்பையே மாற்றவல்ல முறையொன்று இக்காலத்தே தோன்றியுளது. மரபணுவைக் குறித்த இடத்தில் அறுத்துத் திருத்தும் கிரிஸ்பர் முறையே அது. 2012-இல் அதனை ஆராய்ந்து வெளியிட்ட ஷார்பென்டியே, டௌட்னா என்னும் அறிவியற் பெண்மணிகள் இருவரும் 2020-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அம்முறையைக் கைக்கொள்ளுதல் அறமாமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நோய் வினைப்பயனாகலின், அதனை வேரோடு மாற்ற முயறல் இறைவன் ஆணைக்கு மாறாம் என்பாருமுளர். அற்றன்று. நோய் வினைவழி வருதல் போல, மருந்து வாய்த்தலும் வினைவழியதே. ஒருவனது வினையின் அளவை அறிவோன் இறைவன் ஒருவனே. அயலார் அதனை அளந்தார்போல், 'இவன் நோயுறுதலே தக்கது' என வாளாவிருத்தல் அருளுடைமையன்று.

அரிவாளணு நோயை எடுத்துக்கொள்வாம். அந்நோயிற் குருதிச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய குழல்களை அடைத்தலால், பொறுத்தற்கரிய வலி உண்டாகின்றது. நோயாளரின் குருதியைப் பிறப்பிக்கும் மூலவணுக்களை வெளியே எடுத்து, பிறந்தபின் அடங்கிவிடும் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் தோன்றுமாறு திருத்தி, அவருடம்பிலேயே செலுத்தும் மருத்துவத்திற்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் இசைவளித்தன. இங்கே நோய் கண்முன் உளது. மாற்றமும் அந்நோயாளர் அளவில் நின்றுவிடும். ஆகலின் இது குற்றமன்று. அமெரிக்காவில் இதற்கு வைத்த விலை 22 இலட்சம் டாலர் என்பதே குற்றம். இந்நோயால் மிகுதியும் வருந்துவோர் ஆப்பிரிக்காவின் வறிய மக்களன்றோ?

இனி, கருவைத் திருத்துதல் இதனின் வேறாம். 2018 நவம்பரில் சீனநாட்டு ஆராய்ச்சியாளர் ஹெ ஜியான்குய், தாம் கருவிலேயே மரபணுவை மாற்றிய இரட்டைப் பெண்மகவுகள் பிறந்தன என வெளியிட்டார். எச்.ஐ.வி. பற்றாதிருத்தற்பொருட்டு அவ்வாறு செய்தனராம். தந்தைக்குள்ள அந்நோய் மகவுக்கு வாராமற் காக்கும் எளிய வழி முன்னரே உளது. ஆகவே இல்லாத நோய்க்கு மருந்திட்டார். 2019 டிசம்பரில் ஷென்ஜென் நகர நீதிமன்றம் அவர்க்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது.

கொடிய நோய் கருவிலே காணப்படின் திருத்தலாகாதோ எனின், கூறுதும். கருவில் நேரும் பிழை அம்மகவோடு ஒழியாது. அதன் வழித்தோன்றல்களையும் பற்றும். பற்றப்படுவோரோ உடன்பாடு கூற இன்னும் பிறந்திலர். அம்முறையின் தீங்கின்மை ஐயமற விளங்குங்காறும் பொறுத்திருத்தலே அறமாம். நிறமும் உயரமும் அறிவும் வேண்டியவாறு அமைப்பேம் என்னும் விருப்பமோ எஞ்ஞான்றும் அறமாகாது.

என்னை? குடத்திற்கு மண் முதற்காரணமும், திகிரி துணைக்காரணமும், குயவன் நிமித்த காரணமுமாம். அவ்வாறே உடம்பிற்கு மாயையும் சத்தியும் சிவனும் முறையே காரணமாவர். மரபணுவைத் திருத்துவோன் முன்னரே உள்ள மண்ணைச் சிறிது தொட்டவனன்றிக் குயவனல்லன். பெற்றோரும் அவ்வுயிருக்கு உடையவரல்லர். அவ்வுடம்பில் இருந்து இன்பதுன்பங்களை நுகர்வது வேறோர் உயிர் என்பதை மறத்தல் ஆணவத்தின் செயலேயாம். நோய் தீர்க்கும் அருளும், தருக்காமையும் ஒருங்கு உடையார் கையிலேயே இக்கருவி நன்மை பயக்கும் என்பது கடைப்பிடிக்க.