முட்டைக் கலம் விழிக்கும் நேரம்

காணியை விட்டு வந்த குடும்பத்திற்கு ஒரு பசு சிறிய சொத்தல்ல. வயல் இல்லாத இடத்திலும் நாளாந்தம் கையில் காசு தருவது அதுதான். ஆனால் கன்று ஈன்றால்தான் பால். சினைப்படும் வாய்ப்பு ஒருமுறை தவறினால் ஏறக்குறைய 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். தீனிச் செலவோ நிற்காது. எனவே சினை எவ்வாறு தொடங்குகிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. காத்திருக்கும் கலம்

பசுவின் சூலகத்திலிருந்து வெளிவரும் முட்டைக் கலம் தன் பிரிவைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். விதை நெல் ஈரத்திற்குக் காத்திருப்பது போன்றது இது. ஆனால் விதை நெல் மாதக்கணக்கில் பொறுக்கும். முட்டைக் கலமோ சில மணித்தியாலங்களே பொறுக்கும்.

உள்ளே நுழையும் விந்தணு ஒரு புரதத்தைக் கொண்டுவருகிறது. முட்டைக் கலத்தினுள் சேமிக்கப்பட்டிருக்கும் கல்சியத்தை அப்புரதம் அலை அலையாக வெளிவிடச் செய்கிறது. இந்தக் கல்சிய அலையே கலத்தை எழுப்புகிறது. எழுந்த கலம் வேறு விந்தணு நுழையாதபடி தன் வெளியுறையை இறுக்கும். நின்ற பிரிவை முடிக்கும். பின் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து முளையமாகும்.

2. விந்தணு இன்றி எழுப்பலாமா?

எழுப்பலாம். மின்துடிப்பாலோ, கல்சியத்தை உயர்த்தும் இரசாயனத்தாலோ ஆய்வுகூடத்தில் இதைச் செய்கிறார்கள். ஆனால் பாலூட்டிகளில் அவ்வாறு எழுப்பிய வெறும் முட்டைக் கலம் சிறிது வளர்ந்து நின்றுவிடும். சில பரம்பரை அலகுகள் தந்தை வழி வந்தால் மட்டுமே வேலை செய்யும். வேறு சில தாய் வழி வந்தால் மட்டுமே. இரு பங்கும் சேர்ந்தால்தான் கன்று.

எனினும் இந்த முறை வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. 1996இல் ஸ்கொட்லாந்தில் முட்டைக் கலத்தின் கருவை அகற்றி, ஒரு செம்மறியின் மடிக் கலத்தை அதனுடன் இணைத்து, மின்துடிப்பால் எழுப்பினார்கள். அப்படிப் பிறந்ததே டொலி. இணைத்த 277 முட்டைக் கலங்களில் ஆட்டுக்குட்டியானது அது ஒன்றே.

நமது அயல்நாட்டிலும் இது நடந்தது. இந்தியாவின் கர்னாலிலுள்ள தேசிய பாற்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் எருமையில் இதைச் செய்தது. அங்கு முட்டைக் கலத்தை எழுப்ப இரசாயனம் பயன்பட்டது. 2009 பெப்ரவரியில் பிறந்த முதற்கன்று சில நாட்களே வாழ்ந்தது. அவ்வாண்டு யூனில் பிறந்த கரிமா இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 2010 ஓகஸ்டில் பிறந்த இரண்டாம் கரிமா வளர்ந்து, 2013 சனவரியில் மகிமா என்ற கன்றை ஈன்றது.

மனிதரைப் பொறுத்தவரை, ஆண் பெண் உறவின்றி இத்தகைய முறைகளால் மனித உயிரை உருவாக்க முயல்வது அறநெறிக்கு முரணானது என்று 1987இல் வெளியான வத்திக்கான் போதனை கூறுகிறது.

3. நமக்குப் பயன்படுவது

மேற்சொன்ன முறை ஆய்வுகூடத்திற்கு உரியது, செலவு மிகுந்தது, பெரும்பாலான முயற்சிகள் வீணாகும். நமக்குக் கைக்கெட்டியது செயற்கைச் சினைப்படுத்தல். இதற்கான மத்திய நிலையம் கண்டிக்கு அருகே குண்டசாலையில் இருக்கிறது. உறையவைத்த விந்தைத் திரவ நைதரசனில், பூச்சியத்திற்குக் கீழே 196 பாகையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். இம்முறையில் முட்டைக் கலத்தை எழுப்புவது விந்தணுவேதான். அது உரிய நேரத்தில் போய்ச் சேர வைப்பது வீட்டாரின் கண்களில் இருக்கிறது.

வேட்கைக்கு வந்த பசு அடிக்கடி கத்தும், தீனி குறையும், பாலும் குறையலாம். பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போன்ற தெளிந்த திரவம் நூலாக வடியும். வேறு மாடு மேலே ஏறினால் அசையாது நிற்கும். இதுவே உறுதியான அடையாளம். தனியே கயிற்றில் கட்டிய பசுவில் இதைக் காண முடியாது. ஆகவே கத்தலையும் திரவத்தையும் கவனிக்க வேண்டும். விடியற்காலையும் மாலையும் சற்று நின்று பாருங்கள்.

வேட்கை ஏறக்குறைய 12 முதல் 18 மணித்தியாலம் நீடிக்கும். அது முடிந்து 10 முதல் 12 மணித்தியாலத்தின் பின்னரே முட்டைக் கலம் வெளிவரும். விந்தணு தயாராவதற்கும் சில மணித்தியாலம் வேண்டும். இதனால்தான் இந்த விதி: காலையில் அடையாளம் கண்டால் அன்று மாலை சினைப்படுத்துங்கள், மாலையில் கண்டால் மறுநாள் காலை. அடையாளம் கண்டவுடனேயே மிருக வைத்தியர் அலுவலகத்திற்கு அறிவியுங்கள்.

திகதியைக் கலண்டரில் குறியுங்கள். 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள்வரை மீண்டும் வேட்கை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் சினை என்று முடிவுகட்டாமல், இரண்டு மூன்று மாதத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கலந்துரையாட:

1. நம் வீடுகளில் பசுவைக் காலையும் மாலையும் பார்ப்பவர் யார்? அவருக்கு இந்த அடையாளங்கள் தெரியுமா?

2. கடந்த ஆண்டில் நம் பசு எத்தனை தடவை சினைப்படாமல் போனது? தவறியது நேரமா, தீனியா, நோயா?

3. அயல்வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து மாடுகளை ஒன்றாக அவிழ்த்துவிட்டுக் கவனிக்க முடியுமா?