ஆலோசனை அறையில் புதிதாக உட்காருபவர்களுக்கு ஏழு சொல்

உளச்சிகிச்சைப் பாடநூல்களில் பல, தனியாக வந்து, தனக்காக மட்டும் முடிவெடுக்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் முன் உட்காருபவரோ மாமியார், மச்சினர், சீட்டுப் பணம் எல்லாவற்றையும் சுமந்து வருகிறார். படித்ததைத் தூக்கி எறிய வேண்டாம். அவர் அளவுக்குப் பிரித்துத் தையுங்கள்.

1. வந்தவர் சொல்லும் சொல்லிலேயே தொடங்குங்கள். 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருபவர் குறைவு. 'நரம்புத் தளர்ச்சி', 'நெஞ்சு படபடங்குது', 'எதையோ பார்த்துப் பயந்துட்டா' என்பார்கள். திருத்தாதீர்கள். வீட்டில் யார் இருக்கும்போது படபடக்கிறது என்று கேளுங்கள். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்து மர பெஞ்சில் உட்காரவைத்தபோது, அவர்கள் கையாண்டது 'குஃபுங்கிசிசா' என்ற ஊர்ச்சொல்லைத்தான். அளவுமீறி யோசிப்பது என்று பொருள்.

2. கூட வந்தவரை விரட்டாதீர்கள். அமிர்தசரஸில் 1950களில் மனநல மருத்துவர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்தார். ஆனால் நோயாளியிடம் தனியே பேசாமலும் அனுப்பாதீர்கள். கூட வந்தவரிடம் 'வெளியே இருங்க' என்றால் சந்தேகம் வரும். 'ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்' என்றால் எழுந்து போவார்கள்.

3. 'நீங்களே ஒரு வழி சொல்லுங்க' என்பார்கள். பாடநூல்படி வாய்மூடி இருந்தால், 'இவருக்கு ஒண்ணும் தெரியல' என்று போய்விடுவார்கள். நம் சிகிச்சைக்கு குரு-சீடர் உறவு பொருந்தும் என்று 1973இல் மனநல மருத்துவர் ஜே.எஸ். நேக்கி எழுதினார். தூக்கம், மூச்சு, நடை பற்றி வழி சொல்லுங்கள். கல்யாணம், பிரிவு போன்ற முடிவுகளை அவரிடமே விடுங்கள். குரு ஆசனம் சுகமானது, சீக்கிரம் இறங்கிவிடுங்கள்.

4. 'எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?' என்று கேட்காதீர்கள். ஆரம்பத்தில் ஓர் இளைஞரிடம் நான் பிரியமாகத்தான் கேட்டேன். சாதியைத் தோண்டுகிறேன் என்று அந்த இளைஞருக்குப் பட்டது. மறுவாரம் வரவில்லை.

5. ஒவ்வொரு சந்திப்பும் கடைசிச் சந்திப்பு என்று எண்ணுங்கள். உங்களைப் பார்க்க வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. கையோடு எடுத்துப்போக ஒன்றாவது கொடுங்கள். எழுதத் தெரியாத ஓர் அம்மாவிடம் எண்ணக் குறிப்பேடு கேட்டு என்ன பயன்? கோபம் வரும்போதெல்லாம் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடச் சொன்னேன். அடுத்த முறை டப்பாவோடு வந்தார், எண்ணியபடியே பேசினோம்.

6. கோயிலையும் தர்காவையும் கிண்டல் செய்யாதீர்கள். மந்திரித்த கயிறு கையில் இருக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். ஆனால் சங்கிலி கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் செத்தது, கட்டிப் போடப்பட்டிருந்ததால். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது.

7. இத்தனையும் சொன்ன நானே சொல்கிறேன்: பண்பாடு என்ற பெயரில் யாரையும் காட்டிக் கொடுக்காதீர்கள். ஊர்ப் பேச்சைக் கடன் வாங்கலாம். ஊர்த் தீர்ப்பை வாங்கக் கூடாது. அடி வாங்கி வந்த பெண்ணிடம் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா' என்று சொல்லிவிடாதீர்கள். அதை எல்லார் வாயிலும் கேட்டு முடித்த பிறகுதான் அவர் பஸ் ஏறி உங்களிடம் வந்திருக்கிறார்.